வெறுங்கட்டிலுக்கு நடந்த பாடம்

சிவகாசி

அன்புள்ள மச்சான் சங்கரபாண்டியன் அவர்களுக்கு, அய்யாதுரை வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை லட்சுமிகாந்தமும் நலம். உங்கள் மருமகன் ஹரிஷ்குமாரின் உடம்பும் நலம், படிப்புதான் படுத்துவிட்டது. போனில் சொல்லலாம்தான், அந்தப் போன்தான் இத்தனைக்கும் காரணம், தொடவே பயமாக இருக்கிறது.

போன வருடம் அவன் மதுரையில் கல்லூரியை விட்டு நின்றபோது துறைத்தலைவர் போன் செய்தார், விடுதிக் காப்பாளர் வீடு தேடி வந்தார், கேன்டீன்காரர்கூட, "பஜ்ஜி சரியில்லைன்னா சொல்லுய்யா, அதுக்காகப் படிப்ப விடுவாகளா?" என்று அழாக்குறையாகக் கேட்டார். பிறகு ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் சேர்த்தோம். அதையும் விட்டுவிட்டான், மச்சான்! எப்போது விட்டான் என்று எங்களுக்கும் தெரியாது, பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து சீக்கிரம் வந்து அவன் அறையை எட்டிப் பார்த்தால், தலையணைமேல் போன் சாய்ந்திருக்கிறது, அதில் சுகிர்தா என்ற டீச்சரம்மா தொண்டை வற்றப் பாடம் நடத்துகிறார், எதிரே வெறுங்கட்டில். பையன் வெம்பக்கோட்டை அணைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பாவமாக இருந்ததா, மரியாதைக்கு நாமாவது உட்காருவோம் என்று உட்கார்ந்து, போனைத் துண்டால் துடைத்தேன். எது எங்கே பட்டதோ, என் மூஞ்சி அதற்குள் வந்துவிட்டது! "ஹரிஷ்குமார்?" என்றார் டீச்சரம்மா. "அவன் இல்லம்மா, நான் அவன் அப்பன். நீங்க நடத்துங்க, நல்லாத்தான் போகுது" என்றேன். உங்கள் தங்கை என் தோளுக்கு மேலாக எட்டி, "ஏம்மா, இம்புட்டு நேரம் கத்துறீகளே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டாள். டீச்சரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இந்த வகுப்புல நான் பார்த்த முதல் முகம் உங்களோடதுதான்" என்றார். உடனே பக்கத்துக் கட்டத்தில் ஒரு அம்மா தோன்றி, "நான் முனியராஜோட அம்மா பாண்டிச்செல்வி. அவனும் இல்லீக. டீச்சர் தப்பா நினைப்பாகன்னு நான்தான் தினமும் உட்கார்றேன்" என்றார். அடுத்த கட்டத்தில் பனியனோடு ஒருவர், "நானும் அப்பன்தான்" என்று கையைத் தூக்கினார். கட்டம் கட்டமாக அப்பனும் ஆத்தாளுமாகத் திறக்கிறது, மச்சான். மாணவன் என்று ஒருத்தன் இல்லை!

அந்த நேரம் பார்த்து ஹரிஷ் கெண்டை மீனோடு வந்து நின்றான். "அப்பா, என் கிளாஸ்ல நீங்க என்ன பண்றீக?"

"உன் இடத்துலதாம்லே உட்கார்ந்திருக்கேன். இடம் போச்சு, போ."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் போகாதப்ப யாருமே தேடலைப்பா. அதான் அப்படியே விட்டுட்டேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "நான் தினமும் உன் பேரைக் கூப்பிட்டேனே, ஹரிஷ்" என்றார் டீச்சரம்மா. பையன் மீனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இப்போது ஒழுங்காகத்தான் உட்காருகிறான். ஆனாலும் என் பயம் தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, எதையும் பாதியில் விடாதே என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கோழிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் பிரத்தியேக விசாரிப்பு.

இப்படிக்கு,
அய்யாதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது செய்தி வந்தது. ஹரிஷுக்குப் புத்தி சொல்ல நீங்கள் வரவேண்டாம். டீச்சரம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாராம்! வீடு சாத்தூரில்தானாம், பெற்றோர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போகிறோம், ஹரிஷ்தான் முன்சீட்டு. நீங்கள் நேரே அங்கே வந்துவிடுங்கள், அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லவேண்டும்.