புலியார் வண்டிக்குப் போட்ட செயின்

ஒரு காட்டில், முட்டி தேய்ந்துபோன புலி ஒன்று இருந்தது. ஓடினால் மூச்சு வாங்கும், பாய்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வேளாவேளைக்கு மான்கறி மட்டும் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து, சுற்றுலா வந்தவர்கள் உறுமல் கேட்டு ஓடியபோது விட்டுப்போன நாலு சக்கர பைக் ஒன்று கையில் கிடைத்தது. சேறோ மேடோ, எதிலும் ஏறுகிற ஏடிவி. அன்றிலிருந்து புலியார் உட்கார்ந்தபடியே வேட்டையாடினார்.

ஒருநாள் ஓடைக்கரை ஏற்றத்தில் செயின் அறுந்தது. காட்டுக்கே திருவிழா வந்த மாதிரி ஆயிற்று. மான்கள் பட்டப்பகலில் படுத்து அசைபோட்டன.

புலியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு பொன்னுரங்கத்தின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். பொன்னுரங்கம் ஒரு முயல். கைராசிக்கார மெக்கானிக். அவனிடம் ஒரே ஒரு வியாதி உண்டு. தொளதொளவென்று செயின் ஆடுகிற சத்தம் எங்கே கேட்டாலும் காது இரண்டும் நட்டுக்கொள்ளும். சாப்பிடுகிற வாயோடு எழுந்து போய், அந்த வண்டியை நிறுத்தி, இறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவாய் வைப்பான். காசுகூட வாங்கமாட்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள வண்டி ஓடணும்டா. இல்லேன்னா இன்னிக்குச் சாப்பாடு நீதான்" என்று சொல்லிவிட்டு, புலியார் மரத்தடியில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

பின்பக்கமாக வந்து நின்றாள் அங்கம்மா என்கிற மான். இருக்கிறது ஒரே ஒரு குட்டி, செயின் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சினாள். சொன்னால் தன் கதி என்ன என்று கேட்டான் முயல். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே அவனே சொன்னான்:

"போடாம இருக்க முடியாதுக்கா. ஆனா எதைப் போடறதுன்னு நான்தானே சொல்லணும்."

பட்டறையில் இரண்டு செயின் தொங்கின. ஒன்று, கண்ணிக்குக் கண்ணி ரப்பர் வளையம் வைத்து உள்ளே கிரீஸ் அடைத்தது. பூனை நடக்கிற மாதிரி ஓடும். இன்னொன்று வெறும் செயின். எண்ணெய் காய்ந்தால் ஊரைக் கூட்டும்.

விழித்தெழுந்த புலியார் நல்லதைத்தான் காட்டினார். முயல் கைகட்டி நின்றான்.

"ஐயா, அது பெருச்சாளி வண்டிக்குப் போடறது. திருடப் போறவன் சத்தமில்லாம போவான். நீங்க வர்றது நாலு மலைக்குத் தெரிய வேண்டாமா? மந்திரி கார் சைரன் இல்லாமலா போகுது?"

புலியாரின் வால் தானாக மேலே எழும்பியது. "அந்தச் சத்தம் போடறதையே மாட்டு" என்றார்.

பழைய செயினைத் தரையில் நீட்டி, புதியதைப் பக்கத்தில் வைத்துக் கண்ணிகளைச் சரிபார்த்து, மிச்சத்தைக் கழற்றினான் பொன்னுரங்கம். தேய்ந்த பல் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு முனையையும் இணைக்கிற செயின் லாக்கை மட்டும், மூடின பக்கம் ஓடுகிற திசையைப் பார்க்க, ஒழுங்காகத்தான் மாட்டினான். அதில் தப்பு செய்யக் கை வரவில்லை. செயினில் ஆட்டம் இரண்டு விரல் அளவு இருந்தால் போதும். அவன் தன் காதே நுழைகிற அளவு விட்டான். எண்ணெய் காட்டவே இல்லை.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புலியார் கிளம்பினார். சடசடசட. பொன்னுரங்கம் காது இரண்டையும் இறுகப் பொத்திக்கொண்டான். சத்தம் கேட்ட மான்கள் அவசரமே இல்லாமல், போகிற வழியில் இரண்டு வாய் புல் மேய்ந்துகொண்டே, அடுத்த மலைக்குப் போய்ச் சேர்ந்தன.

சாயங்காலம் அங்கம்மா அருகம்புல் கட்டோடு வந்தாள். நீதான் எங்கள் குலசாமி என்றாள். பொன்னுரங்கம் வெட்கப்பட்டுக்கொண்டே முதல் வாய் வைத்தான்.

அப்போதுதான், ஒரு எலிகூடக் கிடைக்காமல், வாடிப்போன முகத்தோடு புலியார் அந்த வழியாகக் குகைக்குத் திரும்பினார். சடசடசட.

முயலின் காது நட்டுக்கொண்டது.

"வேணாம் தம்பி, உட்காரு" என்று அங்கம்மா தோளைப் பிடித்து அமுக்கினாள். அவன் திமிறிக்கொண்டு ஓடினான். நடுவழியில் நின்று கைகாட்டி வண்டியை நிறுத்தினான். குனிந்து செயினில் காதை வைத்தான்.

"ரொம்ப லூசா இருக்குங்கய்யா. அஞ்சே நிமிஷம்."

புலியார் அவசரப்படவில்லை. அவன் செயினை இறுக்கி, எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "இனிமே சத்தமே வராதுங்கய்யா" என்று நிமிர்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம்தான் சாப்பிட்டார்.

மறுநாள் வண்டி மான்கள் மேய்கிற பக்கம் போனது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

நீதி: மட்டமான சாமானை ஒருவர் தலையில் கட்டுவதில் தவறே இல்லை, கட்டிய பிறகு அதற்கு இலவச சர்வீஸ் செய்யப் போவதுதான் பெருந்தவறு.