குன்னூரிலேயே கொழும்பு

ஒரு மலையாம், மலை மேல ஒரு விமான நிலையமாம், அந்த விமான நிலையத்துக்கு விமானமே கிடையாதாம்.

ஏன் கிடையாது என்று கேட்கக் கூடாது. விமானத் துறை அதை ஆறு மாதம் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது. ஒரு பயணி விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் இருக்கிறார், விமானத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறார். ஆகவே பயணத்தில் பெரும்பகுதி விமான நிலையமே, விமானம் வெறும் சில்லறை என்று ஆய்வுக்குழு கண்டது. பெரும்பகுதியை முதலில் மலைக்குக் கொண்டுவருவோம், சில்லறையை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்வோம் என்று பொதுநலன் கருதி முடிவாகி, குன்னூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. மலையிலிருந்து பறக்கப் போகிற எவரும் இங்கே இயந்திரத்துக்கு முகம் காட்டிவிட்டுத்தான் கோயமுத்தூர் இறங்க வேண்டும் என்று ஆணையும் வந்தது.

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. டிக்கெட் இல்லாதவர்களுக்கு அனுபவச் சீட்டு என்று ஒன்று தந்தார்கள். அதை வாங்கச் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஜனம் வந்தது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில்கூட ஆட்கள் கழுத்துத் தலையணை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

தெய்வம்மாவிடம் இருந்தது நிஜ டிக்கெட். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே ஹட்டன் பக்கம் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அந்த அக்காவுக்கு இப்போது கஞ்சிகூட இறங்கவில்லை. அவள் கண் மூடுவதற்குள் ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டு, சாயங்கால விமானத்துக்குக் காலை எட்டு மணிக்கே வந்து நின்றாள்.

சிரிக்க வேண்டாம் என்றது இயந்திரம். அவளுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, உள்ளே போனாள். அந்தப் பக்கம் இன்னொரு கதவு. அதையும் தாண்டினால் வந்த ரோடேதான். கையிலிருந்த போன் சிணுங்கியது. ‘தாங்கள் கொழும்பு வந்து சேர்ந்தீர்கள். நல்வரவு.’

சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்து, பயண அனுபவ அலுவலர் ரொனால்டிடம் போய் நின்றாள். கோயமுத்தூருக்குப் பஸ் எங்கே என்று கேட்டாள்.

“பஸ் எதுக்குங்க? நீங்கதான் போய்ச் சேர்ந்துட்டீங்களே.”

“நான் இங்கதானுங்க நிக்கறேன்.”

ரொனால்ட் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். போய்ச் சேர்ந்தவர்கள் பட்டியலில் பேர் விழுந்துவிட்டதாம், விழுந்த பேர் விழுந்ததுதானாம்.

“எங்க தோட்டத்துலயும் காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு நின்னாத்தான் சார் பேர் போடுவாங்க. பேர் போட்டா கொழுந்து பறிக்க மலைக்கு ஏறணும். பேரை மட்டும் போட்டுட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினா கங்காணி விடமாட்டான். இங்க என்னங்க, பேர் போட்டதே வேலையாயிருச்சு?”

“கங்காணியெல்லாம் பழைய சிஸ்டமுங்க” என்றான் ரொனால்ட், மிகுந்த அனுதாபத்தோடு.

சரி, அரசு பஸ்ஸைப் பிடித்து நானே போய்க்கொள்கிறேன் என்றாள். அது பயணம் முடிந்த டிக்கெட், கோயமுத்தூரில் கதவு திறக்காது என்றான். அப்படியானால் போட்ட பேரை அடித்துவிடுங்கள் என்றாள். தாராளமாக அடிக்கலாம், அதற்குப் பயணி திரும்பி வந்தாக வேண்டும், திரும்பி வருவதற்குக் கொழும்பில் முகம் காட்டியாக வேண்டும் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே ஒரு சந்தேகம் முளைத்தது.

“ஏனுங்கம்மா, கொழும்புல இருக்கற நீங்க, பாஸ்போர்ட்ல முத்திரை இல்லாம குன்னூருக்குள்ள எப்படி வந்தீங்க?”

தெய்வம்மாவுக்கு இது புதிதில்லை. அங்கே இருந்தபோது இந்தியாக்காரி என்று அனுப்பினார்கள். இங்கே வந்த பிறகு சிலோன்காரி என்றார்கள். ஊரார் நாற்பது வருஷமாகச் சொன்னதை இயந்திரம் ஒரே நொடியில் சொல்லிவிட்டது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

பின்னால் அனுபவச் சீட்டுக்காரர்கள் வரிசை நெளிந்தது. அதில் முதல் ஆளாக நின்ற ஆறுச்சாமி, கேத்தியில் முட்டைக்கோஸ் போடுகிறவர், கழுத்துத் தலையணையோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். பரிந்து பேசப் போகிறார் என்று தெய்வம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க சார், வந்து சேர்ந்தாச்சுன்னு எங்களுக்கும் அந்த மெசேஜ் வருமுங்களா?”

வரும் என்றான் ரொனால்ட். வரிசை நிம்மதியானது. ஒவ்வொருவராகச் சிரிக்காமல் முகம் காட்டி, துபாய், சிங்கப்பூர், லண்டன் போய்ச் சேர்ந்து, ரோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கேத்தி பஸ்ஸில் ஏறினார்கள். மத்தியானத்துக்குள் நூறு பேர்; ஒருவர்கூடத் தாமதமில்லை. உலகின் வேறெந்த விமான நிலையமும் கண்டிராத சாதனை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ரொனால்ட் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

தெய்வம்மா மட்டும் நின்றாள். போன் அடித்தது. ஹட்டனிலிருந்து அக்கா மகன். அவசரத் தொடர்புக்கென்று அவன் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் சித்தி சேர்ந்துவிட்ட செய்தி அவனுக்கும் போயிருந்தது. கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், தலை சீவிவிடச் சொன்னாள், கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றான். போனை அம்மாவின் காதில் வைத்தான்.

“வந்துட்டியா தங்கச்சி?”

தெய்வம்மா திரையைப் பார்த்தாள். ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டாள்.

“வந்துட்டேன்னுதான்க்கா போட்டிருக்கு” என்றாள். பிறகு பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கோயமுத்தூருக்கு இறங்குகிற மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி நடந்தாள்.