பழைய சாவிக்கு ஒரு புது சுவிட்ச்

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை எத்தனையோ வீடுகளில் மோட்டார் சைக்கிள் உண்டு. அவையெல்லாம் பெட்ரோலில் ஓடுகின்றன. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் கட்டுப்பாட்டில் ஓடுகிறது.

அதற்குச் சாவி ஒன்று. அது இருக்கும் இடமும் ஒன்று: என் அரைஞாண் கயிறு. வண்டி வாங்கிய அன்று என் தகப்பனார் அதைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் காலமான அன்று அது என் இடுப்புக்கு வந்தது. வீட்டில் யார் கேட்டாலும் வண்டி வழங்கப்படும். ஆனால் அதற்கு ஒரு 'நடைமுறை' இருக்கிறது. நான் எழுந்து, கிணற்றடியில் குளித்து, நெற்றியில் திருமண் இட்டு, அது காய்ந்த பிறகு கிழக்குப் பார்த்து நின்று சாவியைக் கொடுப்பேன். பெறுகிறவர் இரண்டு கைகளாலும் பெற வேண்டும். ஈர நாமத்தோடு சாவி கொடுத்த வரலாறு எங்கள் வம்சத்தில் இல்லை. மழைக்காலத்தில் காய்வதற்குக் கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டுமே. கௌரவம் அவசரப்படாது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். டில்லியில் லைசென்சுகளையெல்லாம் எடுத்துவிட்டார்களாம், இனி யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாமாம். ரேடியோவில் சொன்னார்கள். நான் எழுந்து போய் ரேடியோவை அணைத்தேன். இந்த மாதிரிச் செய்திகள் மருமகள் காதில் விழக் கூடாது.

என் மகன் கோபால் தண்டலத்துப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் டிரெய்னி. காலை ஆறு மணி ஷிப்ட். அந்த மாதக் கடைசியில் அவன் 'பர்மனென்ட்' ஆக வேண்டும். ஆனால் தினமும் லேட். சூப்பர்வைசர் பாண்டுரங்கன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: "தம்பி, இனிமே லேட்டா வந்தினா, வராமலே இருந்துக்க."

உடனே குடும்பக் கூட்டம் கூட்டினேன். தலைமை நான். பொருள்: கோபாலின் தாமதம்.

"இன்னாடா காரணம்?" என்றேன்.

கோபால் முதலில் என் இடுப்பைப் பார்த்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்தான். கடைசியில் வண்டியைப் பார்த்தான்.

"சுவிட்சு நைனா," என்றான். "வண்டி சுவிட்சு சரியில்ல."

"ஆமா மாமா, சுவிட்சுதான்," என்றாள் மருமகள் எழிலரசி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பலமாக இருமினாள்.

என் மனைவி சுந்தராம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய சம்மதத்தை நான் அப்படித்தான் பதிவு செய்வது வழக்கம். 'சுவிட்ச் மாற்றப்படலாம், சாவி மாற்றப்படக் கூடாது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கோபாலையும் அழைத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். மெக்கானிக் கண்ணப்பன் வண்டியைப் பார்த்தான். பழைய சுவிட்சைத் திருகித் திருகிப் பார்த்தான்.

"இது நல்லாத்தானே கீது, பெரியவரே?"

"நல்லா இருந்தா என் புள்ள ஏன் லேட்டாப் போறான்?"

இந்த வாதத்துக்குப் பிறகு அவன் ஸ்பானரை எடுத்தான். கழற்றினான். புது சுவிட்ச் டப்பாவைப் பிரித்தான். உள்ளே வளையத்தில் இரண்டு சாவிகள் ஆடின. எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னாப்பா இது, ரெண்டு?"

"ஒண்ணு தொலஞ்சா இன்னொண்ணு."

"ரெண்டு சாவின்னா ரெண்டு எஜமான். வூடு ரெண்டாப் பூடும். எனக்கு ரெண்டுமே வேணாம். இந்தப் பழைய சாவிக்கே புது சுவிட்சு திரும்பணும்."

"அது எப்டிங்க திரும்பும்? உள்ள வரிசையா தகடுங்க கீது. அதுங்கதான் இது நம்ம சாவியா, இல்லியான்னு பாக்குது. வேற சாவின்னா வுடாது."

"அதுங்கள எடுத்துடு."

"எடுத்துடலாம் பெரியவரே. எடுத்துட்டா அப்பால..."

"எடுன்னேன். என்னைக் கேள்வி கேக்கறது எதுவும் என் வண்டியில இருக்கக் கூடாது."

கண்ணப்பன் கோபாலைப் பார்த்தான். கோபால் தரையைப் பார்த்தான். தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூடி மாட்டினான். என் சாவியை வைத்தேன். வைத்ததுதான் தாமதம், சுவிட்ச் திரும்பியது. முரண்டு இல்லை, முனகல் இல்லை. பெரியவர்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற பிள்ளை போல! புது சாவிகள் இரண்டையும் அங்கேயே சாக்கடையில் போட்டுவிட்டு, நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்பினேன்.

மறுநாள் முறைப்படி குளித்தேன், நாமம் இட்டேன். அன்று தூறல். நாமம் காயவில்லை. எழிலரசி விசிறிகொண்டு வந்து என் நெற்றிக்கு விசிறினாள். நல்ல பெண். கடைசியில் காய்ந்தது, சாவி கொடுத்தேன், கோபால் பறந்தான்.

லேட்.

"புது சுவிட்சு அப்டித்தான்," என்று ஆறுதல் சொன்னேன். "போகப் போகப் பழகிடும்."

"நாளைக்கும் லேட்டுன்னா பழக வேல இருக்காது நைனா," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. சுவிட்ச் இவ்வளவு கொடுமையானது என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் விடியலில் கிணற்றடியில் நிற்கிறேன். முகமெல்லாம் சோப்பு. வாசலில் வண்டி உறுமியது! இடுப்பைத் தடவினேன். சாவி இருந்தது. உறுமல் தெருத் திரும்பித் தேய்ந்தது. சாவி இங்கே, வண்டி அங்கே. எனவே திருட்டு. வேட்டியை இறுக்கிக்கொண்டு, பாதி நாமத்தோடு, ஹைவே வரை ஓடினேன்.

"திருடன்! திருடன்! மீனம்மா, நம்ம வண்டி இப்டிப் போச்சா?"

டீக்கடை மீனம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "போச்சே. உங்க புள்ளதான் ஓட்டிகினு போச்சு. டைம் கீது அக்கான்னு சொல்லி ஒரு டீ கூட குடிச்சிச்சு."

"சாவி எங்கிட்ட கீதும்மா!"

"அது இருக்கட்டும். சுவிட்சுல ஒரு கொண்டை ஊசி சொருவிகினு இருந்திச்சு. உங்க மருமவளோடது போல. நான் நம்பலன்னுட்டு, ஊசிய எடுத்துட்டு என் ஸ்பூன் காம்ப வுட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டிச்சு பாருங்க! சுத்திக்கினு இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க."

"என் வூட்டுப் பூட்டு சாவிக்குக் கூட ஸ்டார்ட் ஆச்சு," என்றான் பெஞ்சில் இருந்த ஒரு லாரி டிரைவர், பெருமையாக. "பெரியவரே, திருட்டுன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுங்க. நானே எறக்கி வுடறேன்."

யோசித்தேன். திருட்டு என்றால் என் மகன் திருடன். திருட்டு இல்லை என்றால் என் சாவிக்கு வேலை இல்லை. வம்சத்தின் மானம் டீக்கடை பெஞ்சில் தராசு போல ஆடியது. நிமிர்ந்து நின்றேன்.

"திருட்டு இல்ல. நான்தான் அனுப்பினேன். வாய்மொழி உத்தரவு."

"அப்ப ஏன் திருடன் திருடன்னு கத்திகினு வந்தீங்க?"

"ஒத்திகை," என்றேன்.

அன்றுமுதல் நடைமுறையில் ஒரு சிறு 'சீர்திருத்தம்' செய்தேன். விடியலில் வாசலில் வண்டி உறுமியதும், கிணற்றடியிலிருந்தே உரத்த குரலில் "வழங்கப்பட்டது!" என்று அறிவித்துவிடுவேன். வண்டி அதற்குள் நாலு வீடு தாண்டியிருக்கும். அதனால் என்ன? உத்தரவு உத்தரவுதான். அண்டை வீட்டுக்காரர்களுக்கும் அது எழுந்திருக்க உதவியாக இருந்தது. ஒருநாள் குளிர்ஜுரத்தில் படுத்துவிட்டேன், அறிவிக்க முடியவில்லை. அன்றைக்கும் வண்டி கிளம்பியது. என் மௌனத்தைச் சம்மதமாகப் பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு கோபால் ஒருநாள்கூட லேட் இல்லை. மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆனான். பாண்டுரங்கனையே வீட்டுக்கு அழைத்து இலை போட்டோம். எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து, சாவி தெரியும்படி இடுப்பில் கைவைத்து நின்று, சிற்றுரை ஆற்றினேன்.

"என் மகனின் இத்தனை நாள் தாமதத்துக்கும் காரணம் ஒரு பழைய சுவிட்ச். அது நகராமல் குறுக்கே நின்றது. அதைக் கண்டுபிடித்து அகற்றும் முடிவை எடுத்தது இந்தக் குடும்பத்தின் தலைமை!"

பாண்டுரங்கன் கை தட்டினார். எழிலரசிக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சுந்தராம்பாள் கரண்டியை நிறுத்தி, கல்யாணமான நாளிலிருந்து கூட்டங்களில் பேசாதவள், என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"அந்தப் பழைய சுவிட்சு மேல ஒரு தப்பும் இல்லீங்க. கழட்ட வேண்டியதக் கழட்ட தைரியம் இல்லாம, நாங்கதான் பாவம் அத்தப் போயி கழட்டிட்டோம்."