தையல்காரி வீட்டுத் தெள்ளுப்பூச்சி

மணப்பெண்ணுக்குத் தைத்த வெள்ளைக் கவுனை விரித்துக் காட்டியபோதுதான் அந்தக் கறுப்புப் புள்ளி தெரிந்தது. நூல்பிசிறு என்று நினைத்துத் தையல்காரி விரலை நீட்டினாள். புள்ளி ஒரு துள்ளல் துள்ளி மணப்பெண்ணின் அம்மா மூக்கில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, தெள்ளுப்பூச்சி!"

அவர்கள் ஓடிய ஓட்டத்தில் வாசல் மிதியடியும் தெரு வரைக்கும் போய்விட்டது.

உள்ளேயிருந்து கணவர் வந்தார். அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

"நாயும் பூனையும் திரியற இடம் வீடா? சொறிஞ்சு சொறிஞ்சு என் காலைப் பாரு! இந்த மாசத்துக்குள்ள பூச்சி போகலைன்னா ரெண்டையும் உங்க அண்ணன் வீட்டுல விட்டுடுவேன்."

"எங்க அண்ணி பூனையைப் பார்த்தாலே தொடப்பத்தைத் தூக்குவாங்களே!"

"அது உங்க குடும்ப விஷயம்."

கரடி என்ற நாயும் மகாராணி என்ற பூனையும் ஒரே விரிப்பில் ஒன்றின்மேல் ஒன்று காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

முதலில் கரடியை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாள். அது பாதிக் குளியலில் தப்பியோடி, கணவரின் மெத்தையில் உருண்டு துவட்டிக்கொண்டது. அன்று இரவு அவர் சொறிந்த சத்தம் தையல் மெஷினைத் தோற்கடித்தது.

அடுத்து, நாய்க்கான சொட்டு மருந்து வாங்கிக் கரடியின் கழுத்தில் விட்டாள். மிச்சத்தை மகாராணிக்கு விடலாம் என்று பூனையை மடியில் இடுக்கிக்கொண்டு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, பூனைக்கு எத்தனை சொட்டு?"

"ஒரு சொட்டும் கூடாது! நாய் மருந்து பூனைக்கு விஷம்மா!"

டாக்டர் கத்திய கத்தலில் மகாராணி திரைச்சீலையில் தாவி ஏறியது. திரைச்சீலை கம்பியோடு கழன்று, கீழே காபி குடித்துக்கொண்டிருந்த கணவர் தலையில் இறங்கியது.

"என்னையும் சேர்த்து ஒழிச்சுடலாம்னு பார்க்கிறியா?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் இரண்டையும் டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போனாள்.

"ஒண்ணை விட்டுட்டு ஒண்ணுக்கு வைத்தியம் பார்த்தா பூச்சி இடம் மாறிக்கும். ரெண்டுக்கும் அதுஅதுக்கான மருந்தை ஒரே நாள்ல போடுங்க. விரிப்பைச் சுடுதண்ணியில துவைங்க, மெத்தை, மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனரால நல்லா உறிஞ்சி எடுங்க. தினமும் ரெண்டையும் பூச்சிச் சீப்பால வாருங்க. முட்டை பொரிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும், விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

அவள் விடவில்லை. தைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் துவைத்தாள், கூட்டினாள், உறிஞ்சினாள், வாரினாள். மகாராணி சீப்பை ரசித்தது. கரடி சீப்பைத் தின்னப் பார்த்தது. நாளாக ஆகச் சீப்பில் வெறும் முடிதான் வந்தது. அவள் புது வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் தானே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு புள்ளிகூடத் துள்ளவில்லை. மணப்பெண்ணின் அம்மாவே திரும்பி வந்து, நின்றுகொண்டே கவுனை வாங்கிப் போனாள்.

மாசக் கடைசி. அலுவலகத்திலிருந்து வந்த கணவர் நாற்காலியில் சாய்ந்தார். காலுறைக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி துள்ளியது.

"பார்த்தியா? நாளைக்கு லீவு போட்டுட்டு நானே கொண்டுபோய் விடறேன்."

"எப்படிங்க வரும்? சீப்பெல்லாம் சுத்தமா இருக்கே!"

"வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?"

மறுநாள் காலை. கூடைக்குள் மகாராணி, கயிற்றில் கரடி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் கணவர் அலுவலகத்து பியூன், ஒரு அட்டைப்பெட்டியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

கணவர் முகம் வெளுத்தது. "நீ... நீ ஏன்யா இங்க வந்தே? போ, போ, அப்புறம் பேசலாம்!"

பியூன் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஆபீசுல தினமும் சார் மடியில வச்சுப் பால் குடுத்தாத்தான் இந்தப் பூனைக்குட்டி குடிக்குது, நாங்க தூக்கலாம்னா உடம்பெல்லாம் ஒரே தெள்ளுப்பூச்சி!"