சீலுக்கு உன் பெயர் வைத்த விவகாரம்

ஸ்ரீரங்கம்

பெருமதிப்பிற்குரிய அக்கா மீனாம்பாள் அவர்களுக்கு, ரயில்வேயில் ஓய்வு பெற்ற தம்பி மாத்ருபூதம் பணிவுடன் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். மண்ணச்சநல்லூரில் நீயும் அத்தானும் ரைஸ் மில்லும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ போனை எடுப்பதில்லையே.

அக்கா, முதலில் ஒன்று. உன் பெயரை வைத்தது நாய்க்கு இல்லை, சீலுக்கு. கடல்நாய் என்று தன் பத்திரிகையில் எழுதியது பீமராவ். நம் அனுபமா தென்துருவத்துப் பக்கம் ஒரு தீவில் என்ன வேலை பார்க்கிறாள் என்பது பெற்ற அப்பன் எனக்கே இந்த வருஷம்தான் விளங்கியது. யானை உடம்போடு இருக்கிற சீல்களின் தலையில் ஒரு கருவியை ஒட்டி விடுகிறார்கள். சீல் ஆழத்தில் முங்கி மீன் தேடும்போது தண்ணீரின் சூட்டைக் கருவி குறித்துக்கொள்ளும். மூச்சு விட மேலே வரும்போது சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிடும். கடல் சூடானால் மீன் தூரம் போய்விடும், சீல் இளைத்துவிடும். ஆக, சீலைப் பார்த்தால் கடல் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாமாம். “இருக்கறதுலயே கெட்டிக்காரி இவதாம்ப்பா, அதான் அத்தை பேரு வச்சேன்” என்றாள். பாசத்தில் வைத்தது அக்கா, வேறொன்றும் இல்லை.

இதைக் காலை நடையில் பீமராவிடம் சொன்னேன். எங்கள் தெருக்களுக்கு இலவசமாக ஒரு வாரப் பத்திரிகை போடுகிறவர். ‘உலகுக்கு ஆபத்து: மீனாம்பாள் இளைக்கிறாள்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டுப் போட்டோ கேட்டார். என் மகன் ஸ்ரீதர் அனுப்பியதில், கிரகப்பிரவேசத்தன்று நீ பட்டுப்புடவையோடு சோபாவில் சாய்ந்திருந்த படமும் கூடவே போய்விட்டது. சீலைவிட அது தெளிவாக இருந்ததாம், போட்டுவிட்டார். கீழே, ‘முடி கொட்டும் பருவத்தில் கரையில் ஓய்வெடுக்கும் மீனாம்பாள். எடை ஐந்நூறு கிலோ.’ காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போனால், கடைக்கார முஜிபுர் ரஹ்மான் பாய், “அக்காவுக்கு என்னங்க ஆச்சு, இப்படி இளைச்சிட்டாங்களாமே?” என்று பேரீச்சம்பழம் கட்டிக் கொடுக்கிறார். படத்தைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்டார் அக்கா, எவ்வளவு நல்ல மனசு பார்.

அதோடு நின்றதா? தெரு நலச் சங்கத்தில் அனுபமாவை வீடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளை அழாத குறையாகச் சொல்கிறது: “கடல் சூடாயிட்டே போகுதுங்க. சாப்பாட்டுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கு. அதுங்க உடம்பு இளைக்கறதுதான் நமக்கு வர்ற எச்சரிக்கை.” சங்கத் தலைவி சகாயராணி டீச்சர் எழுந்து, “கேழ்வரகுக் கஞ்சி குடுத்துப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டார். பிறகு பூமி சூடாவது பற்றி ஆழ்ந்த கவலை தெரிவித்து, ஹாலில் புழுக்கம் தாங்கவில்லை என்று இன்னும் இரண்டு ஏ.சி. மாட்டத் தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். நானும் கைதட்டினேன்; ஒன்று என் நாற்காலிக்கு நேர் மேலே வருகிறது.

போன வாரம் அந்தச் சீலிடமிருந்து சிக்னல் நின்றுவிட்டது. “அத்தையக் காணோம்ப்பா” என்று அனுபமா போனில் விசும்பினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார்கள். சீலின் நட்சத்திரத்துக்கு எங்கே போவேன்? உன்னுடையதைச் சொன்னேன். அதைக் கேட்ட யாரோ ‘மீனாம்பாளுக்கு ரொம்ப சீரியஸ்’ என்று அத்தானுக்குச் சொல்ல, அவர் மில்லைப் பூட்டிவிட்டு அலறியடித்து ஓடிவர, நீ டி.வி. முன்னால் முறுக்கு தின்றுகொண்டிருந்தாய் என்று கேள்வி. மறுநாள் சிக்னல் வந்தது. “அத்தை மேல வந்துட்டாங்கப்பா!” என்று அனுபமா கத்தியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீலுக்காகக் கலங்கியதா, உனக்காகக் கலங்கியதா என்று எனக்கே தெரியவில்லை அக்கா.

வெள்ளிக்கிழமை ஸ்ரீதருக்கு நிச்சயதார்த்தம். அத்தை நீ இல்லாமல் யார் தட்டு எடுப்பது? பெண் வீட்டார் “அத்தை எங்கங்க?” என்று கேட்டால் “கடல்ல இருக்காங்க” என்றா சொல்வேன்? இனி நம் குடும்பத்தில் யார் பெயரையும் எந்தப் பிராணிக்கும் வைப்பதில்லை என்று அனுபமாவிடம் வாக்கு வாங்கிவிட்டேன். மனசு ஆறி வந்து சேர்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் படிப்பும் ஆயுளும் நிறைந்து இருக்கட்டும்.

உன் கோபத்துக்குப் பயந்த தம்பி,
மாத்ருபூதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அனுபமா பேசினாள். வாக்குக் கொடுப்பதற்கு முன்பே, அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ஆண் சீலுக்கு அத்தான் பெயரை வைத்துவிட்டாளாம். எடை மூன்று டன். போன பருவத்தில் அதற்கு முப்பது மனைவிகள். அத்தானுக்குப் போன் போட்டுப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கொஞ்சமும் கோபப்படவில்லை. “முப்பதா?” என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். வெள்ளிக்கிழமை நீ வராவிட்டாலும், தான் கட்டாயம் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.