புங்கையடிப் புற்று

சங்கரன்கோவில்,
மே மாதம், 1979.

மதிப்பிற்குரிய சௌந்தரபாண்டியன் மாமா அவர்களுக்கு,

மருமகள் காந்திமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், கொல்லைப் புங்கை மரம் ஆகிய நால்வரும் நலம். அங்கு தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா இன்னும் இரண்டு விசைத்தறி போடக் கொல்லையில் கொட்டகை கட்டுவதென்றும், அதற்காகப் புங்கையை வெட்டுவதென்றும் முடிவு செய்தார். தறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை மாமா. என் புத்தகமெல்லாம் தறி வாங்கித் தந்ததுதான். ஆனால் எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் நிழல் அது ஒன்றே. ஆகவே மரத்தைச் சுற்றிக் கொட்டகை வளைந்து போவதாகக் கிராப் தாளில் படம் வரைந்து சண்முகையா கொத்தனாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாயி, கொட்டகைய வளச்சுக் கட்டுனா தறி வளஞ்சுல்லா நெய்யும்? அந்தச் சேலையக் கட்டுதவ எப்படி நேரா நடப்பா?" என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் தறிச் சத்தமே கேட்கவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டியதில் மரத்தின் வேர் வெளியே வந்துவிட்டது. வெயிலில் காயுமே என்று நான் செம்மண்ணைக் குழைத்து அதன்மேல் குவித்துத் தட்டி வைத்தேன். காலையில் பக்கத்து வீட்டு மாரித்தாய் அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி! ஒங்க கொல்லையில புத்து பொங்கியிருக்கு! கொடுத்து வச்சவருல்லா!" என்று கூவ, அவள் கூவி முடிப்பதற்குள் மஞ்சளும் பாலும் முட்டையுமாகப் பாதித் தெரு வந்துவிட்டது.

"அது புத்து இல்லப்பா, நான் அள்ளிப் போட்ட மண்ணு" என்று உண்மையைச் சொன்னேன்.

"சும்மா கெடட்டி! ஒன்னய அள்ளிப் போட வச்சது யாரு? அம்மன்தாம்லா!" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், தம் கன்னத்தில்தான். கொட்டகை மேற்கே தள்ளிப் போனது. மரம் பிழைத்தது. ஆகவே தாங்கள் மரத்துக்காகப் பரிந்து அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம். புங்கை நிழல் போலத் தங்கள் அன்பு என்றும் எங்கள்மேல் இருக்கட்டும்.

அன்புள்ள மருமகள்,
காந்திமதி.

பி.கு.: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். தெருக்காரர்கள் சற்று முன் கூடிப் பேசினார்கள். புற்றுக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டப் போகிறார்களாம், மரம் இடைஞ்சலாம், நாளைக் காலையில் வெட்டுகிறார்களாம். மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் புற்று பொங்கிவிட்டால் எந்தப் பக்கம் கோடாலி வைப்பார்கள் மாமா? இதற்குமேல் உண்மை எதுவும் எழுதுவதற்கில்லை. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். மண்வெட்டி இருக்கும் இடம் எனக்கு இருட்டிலும் தெரியும்.