இடப்பக்கம் திரும்பினால் இருமல்

கார் இடப்பக்கம் திரும்பியதும் சக்கரத்தடியில் 'கட கட கட' என்று சத்தம் கிளம்பியது. அதே நொடியில் பக்கத்து இருக்கையில் இருந்த மருந்துக்கடைக்காரர் பெரிதாக இருமினார்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய பழைய காரை வாங்க வந்தவர். தடித்த மூக்குக்கண்ணாடி, அளந்து பேசும் வாய். அடுத்த முனையிலும் இடப்பக்கமே திருப்பினார். கட கட கட. மறுபடி இருமல். மூன்றாவது முனையில் மருந்துக்கடைக்காரருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

"உடம்புக்கு என்ன சார்?"

"தூசி ஒத்துக்காது," என்றார், கண்ணில் நீர் தளும்ப.

வந்தவர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கினார். "பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வந்து எடுத்துக்கறேன். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

மருந்துக்கடைக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மனைவி துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடமாக யாரோ ஒருத்தரின் கடைக்குத் தைத்துக் கொடுத்து இடுப்பொடிந்தவள். இப்போதுதான் தெருமுனையில் சொந்தக் கடைக்கு ஓர் அறை பிடித்திருந்தாள். கார் விற்றால்தான் அதற்குள் தையல் மிஷின் வரும்.

"சத்தத்தைப் பத்திச் சொன்னீங்களா?"

"நான் இருமின இருமல்ல அவருக்குக் கேக்கலையே!"

"கேக்காதவருக்குத்தான் சொல்லணும். சரி, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இருமல் வரலைன்னா என்ன செய்வீங்க?"

அதற்குள் சத்தத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தார். முதலில் கூப்பிட்டது மனைவியின் தம்பியை. அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன்.

"எந்த மிஷினா இருந்தா என்ன அத்தான்? உள்ள சுத்தறது சுத்தத்தான் செய்யும்," என்று இடது சக்கரத்தைக் கழற்றினான். கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டான். கையோடு ஸ்டியரிங்கையும் பிரித்து, எதையோ முறுக்கி மூடினான். ஒரு திருகு மிச்சம் விழுந்தது. "இது கம்பெனிக்காரன் அதிகப்படியா போட்டது," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மருந்துக்கடைக்காரர் வண்டியை எடுத்தார். இடப்பக்கம் திருப்பினார். கட கட கட. கூடவே 'பாஆஆம்' என்று ஹார்ன் அலறியது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. எதிரே சைக்கிளில் வந்தவர் சாக்கடை ஓரம் குதித்தார்.

"பழைய சத்தம் குறைஞ்சிருக்கு பாருங்க அத்தான்!"

"இந்த அலறல்ல அது எங்கப்பா கேக்கும்?"

தலை காட்ட முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார். வீட்டு வாசல் கேட்டும் இடப்பக்கம்தான். திருப்பினார், ஹார்ன் அலறியது, பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதித்தார். கேட் தூண் அசையாமல் நின்றது. காரின் பக்கக் கண்ணாடி மட்டும் சிதறியது.

மனைவி வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "நீ வீட்டுக்குப் போ," என்றாள். அவனும் மறுபேச்சில்லாமல் போனான்.

மறுநாள் இருவரும் காரை மெக்கானிக்கிடம் கொண்டு போனார்கள். கிழவர். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடித்தார். ஹார்ன் ஒருபக்கம் கதற, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு படுத்து வலது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"இதுக்கு யார் வைத்தியம் பார்த்தது?"

"ஃப்ரிட்ஜ்காரர்."

"அதான் நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். இடப்பக்கம் திரும்பினா பாரம் வலப்பக்கம் ஏறும். கோளாறு அங்கதான். இங்க பாருங்க, சக்கரத்தைச் சுத்தவைக்கிற அச்சு முனை ஜாயிண்ட். மேல இருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு, கிரீஸ் எல்லாம் வெளிய போய், மண்ணு உள்ள போயிருக்கு. அரைபட்டு அரைபட்டுத்தான் இந்தக் கடகட."

"அப்படியே ஓட்டினா?"

"ஓடும் சார். ஒருநாள் விட்டுப்போகும். இஞ்சின் சுத்தும், சக்கரம் சுத்தாது. நடு ரோட்டுல நிக்க வேண்டியதுதான். பின்னாடி லாரி வராம இருந்தா உங்க அதிர்ஷ்டம்."

மருந்துக்கடைக்காரர் பேயறைந்தவர் போல நின்றார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மனுஷன் பிள்ளைகுட்டியோட போயிருந்தா?"

அவளே கைப்பையைத் திறந்து, கடைப் பெயர்ப்பலகைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தை மெக்கானிக்கிடம் நீட்டினாள். "புதுசு போடுங்க. பலகை இல்லாமயும் தைக்கலாம்."

வந்த ஜாயிண்ட் வேறு வண்டியுடையது. திருப்பி அனுப்பி, வேறு வரவழைத்து, மாட்டி, ஹார்னையும் கண்ணாடியையும் சரிசெய்து முடிக்க சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஓட்டிப் பார்த்தார். இடம் திருப்பினார், வலம் திருப்பினார், ஒடித்து வட்டமடித்தார். எறும்பு ஊர்ந்தால்கூடக் கேட்கும், அப்படி ஓர் அமைதி.

ஞாயிறு காலை காரை எடுத்துக்கொள்ள அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். "ஒருதடவை ஓட்டிப் பார்த்துக்கறேனே."

"தாராளமா!" மருந்துக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். பின் இருக்கையில் மனைவி.

முதல் முனை. இடப்பக்கம். சத்தமில்லை. வந்தவர் புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவது முனை. இன்னும் ஒடித்தார். சத்தமில்லை. மூன்றாவது முனையில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

"எங்க சார் அது?"

"எது?"

"சத்தம்! திரும்பினா கடகடன்னு வருமே!"

மருந்துக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் இருமப் போனார். பின்னாலிருந்து மனைவி முதுகில் குத்தினாள். "சொல்லுங்க."

"மன்னிக்கணும் சார். அன்னிக்கு மறைச்சது தப்புதான். ஆனா இப்பப் புது ஜாயிண்ட் போட்டாச்சு. இனிமே ஜென்மத்துக்கும் சத்தம் வராது."

"பழசு எங்க?"

"பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்தார்.

"சார், நான் மெக்கானிக் வேலை சொல்லித்தர்ற வாத்தியார்; சத்தத்தை வெச்சே கோளாறைக் கண்டுபிடிக்கப் பசங்களைப் பழக்கறதுக்கு, இப்படிக் கணீர்னு கடகடக்கிற வண்டியை ஆறு மாசமா ஊரெல்லாம் தேடிக்கிட்டிருந்தேன்; நல்ல வண்டி எங்ககிட்ட ஏற்கெனவே நாலு நிக்குது."